போணி ஆச்சா?

கம்மாக்கரைத் தெருவில் சுகந்தியைப் பற்றி யாரும் கெட்டதாகப் பேசமாட்டார்கள். நல்ல பெண், அதிர்ந்து பேசாது, அடுத்தவர் வம்புக்குப் போகாது என்றுதான் சொல்வார்கள். காலையில் கடை திறக்கிற நேரத்தில் மட்டும் அவள் எதிரே வந்துவிட்டால், ஷட்டரைப் பாதி தூக்கியவர் எதையோ மறந்தவர் மாதிரி உள்ளே போய்விடுவார்.

இதற்குத் தெரு சில காரணங்களைக் கையில் வைத்திருந்தது. புதிதாக வந்த ஜூஸ் கடையில் முதல் கிளாஸ் சாத்துக்குடி வாங்கிக் குடித்தவள் சுகந்தி. அடுத்த வாரமே ரோட்டைத் தோண்டி, கடை வாசலில் ஆள் இறங்குகிற ஆழத்துக்குப் பள்ளம் போட்டார்கள். முக்கு டெய்லரிடம் முதல் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவளும் அவள்தான். டெய்லர் கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டு மலேசியா போய்விட்டார். நல்ல சம்பளத்துக்குத்தான் போனார், அங்கே வீடுகூட வாங்கிவிட்டார். ஆனால் அதெல்லாம் தெருவின் காதில் ஏறவில்லை, கடை மூடியது மூடியதுதானே. போதாக்குறைக்கு அவளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் இரண்டு முறை தட்டிப்போயிற்று. அதோடு 'ராசியில்லாத கை' என்ற பட்டம் நிலைத்துவிட்டது.

சுகந்தி சண்டைக்காரி இல்லை. நாலு பேர் மனசு ஏன் சங்கடப்பட வேண்டும் என்று தானே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள். எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே நின்று, "போணி ஆச்சா?" என்று கேட்பாள். ஆயிற்று என்றால் படியேறுவாள். இல்லையென்றால் ஓரமாக ஒதுங்கி, வேறு யாராவது வந்து முதல் வியாபாரம் முடிகிறவரை ரோட்டை வேடிக்கை பார்ப்பாள். பொன்ராஜ் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை வாசலில் அவள் இப்படி நின்ற நேரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு டிகிரி வாங்கியிருக்கலாம். அண்ணாச்சி நல்ல மனிதர். அவள் நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் பார்க்கமாட்டார்.

இந்தப் பழக்கத்தைத்தான் அவள் சிட்டுவுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

சிட்டு என்பது அவளுடைய ஏஜென்ட். அப்போது வீட்டுக்கு வீடு ஒரு ஏஜென்ட் வந்துவிட்டிருந்தது. போனுக்குள் இருந்துகொண்டு, வேண்டியதை நெட்டில் போய்த் தானே விலை கேட்டு, தானே காசு கொடுத்து வாங்கி வரும். அதற்கு வழி செய்து கொடுத்தது 'வீதி'. யாருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய ஒரு விதிமுறை அது. முன்பெல்லாம் நெட்டில் ஒரு சின்ன வேலை ஆக வேண்டுமென்றால் பெயரைப் பதிந்து, பாஸ்வேர்டு போட்டு, கார்டு நம்பரைக் கொடுத்து, மாதாமாதம் காசு அழ வேண்டும். வீதியில் அந்த வம்பே கிடையாது. ஏஜென்ட் போய் வாசலில் நிற்கும். கடையிலிருக்கும் புரோகிராம் விலை சொல்லும். காசு போகும், சரக்கு வரும், ரசீது எல்லாரும் பார்க்கிற இடத்தில் விழும். அமெரிக்கக் கம்பெனியும் கடை போடலாம், ஆண்டிப்பட்டிக்காரரும் கடை போடலாம்.

அந்த விதிமுறையை எழுதியவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். மதுரையில் இருந்தவள் நஸ்ரின், சுகந்தியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். சிட்டுவைப் போனில் ஏற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

"நீ எப்படி வாங்குவியோ அதை ஒரு தடவ சொல்லிரு. அது உன்னை மாதிரியே வாங்கும்" என்றாள் நஸ்ரின்.

சுகந்தி போனைப் பார்த்து, புது மருமகளிடம் பேசுவது மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல போணி ஆச்சான்னு கேளு. ஆகலைன்னா வாங்காத. ஆனப்பறம் போய் வாங்கிக்க."

நஸ்ரினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏய், நெட்டுல ஏதுடி ஷட்டர்? எந்நேரமும் தொறந்து கெடக்கும்."

"கேட்டா என்ன கொறைஞ்சா போச்சு? நம்மளால ஒருத்தருக்குச் சங்கடம் வரக்கூடாதுல்ல."

"சரிங்கக்கா, கேட்டுக்கறேன்" என்றது சிட்டு. ஏன் எதற்கு என்று அது கேட்கவில்லை. அதுதான் அதனிடம் சுகந்திக்குப் பிடித்துப்போன முதல் குணம்.

சுகந்திக்கு வேலை, பார்த்ததைச் சொல்வது. சென்னையில் ஒரு கம்பெனிக்காக, பார்வையில்லாதவர்கள் கேட்பதற்கு, சீரியல்களிலும் படங்களிலும் வசனம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்று குரல் கொடுப்பாள். மெஷினும் இதைச் செய்யும். 'ஓர் ஆண், மீசை, சிரிக்கிறார்' என்று அது சொல்லும். சுகந்தி சொன்னால், 'சிரிச்ச மாதிரி வச்சிருக்காரு, ஆனா பல்வலி போல' என்று வரும். வேலையில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. படத்தில் இருப்பது எதையும் விடக்கூடாது. "பாக்க முடியாதவங்களுக்கு நாம விட்டது விட்டதுதான், அவங்க போய்த் தேடி எடுக்கவா முடியும்?" என்று மேனேஜரிடமே சண்டை போட்டிருக்கிறாள். அவள் போட்ட ஒரே சண்டை அதுதான்.

அந்த வேலைக்காக வீதியில் சின்னச் சின்னச் சாமான்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒலியில் இரைச்சல் எடுப்பது, நேரக்குறி போடுவது, இப்படி. ஒருநாள் சிட்டு வந்து சொன்னது:

"அக்கா, ஒலி சுத்தம் பண்ற கடையில போணி ஆயிருச்சு, வாங்கிட்டேன். ஆனா பக்கத்துல நாலஞ்சு கடையில என்னைக்குமே போணி ஆகலையாம்."

"என்னைக்குமேவா?"

"கடை தொறந்ததுலேர்ந்து ஒருத்தரும் வாங்கலக்கா. நான் கேட்டதும், 'இல்லை, கேட்டதற்கு நன்றி'ன்னு பதில் வந்துச்சு."

அந்த 'கேட்டதற்கு நன்றி' சுகந்திக்கு என்னவோ செய்தது. வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கிற சுகம் அவளுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பருத்திப்பால் வண்டிக்கருகில் நஸ்ரினைப் பிடித்து, இது என்ன கொடுமை என்று கேட்டாள்.

"எங்களுக்குத் தெரிஞ்ச கொடுமைதான்டி" என்று நஸ்ரின் டம்ளரில் பாலை ஆற்றினாள். "ஏஜென்ட்டுக்கு ஏமாறக் கூடாதுன்னு பயம். அதனால எந்தக் கடைக்குப் போனாலும், இதுக்கு முன்னாடி யாரு வாங்குனா, ரசீதக் காட்டுன்னு கேக்கும். பழைய கடை காட்டும். புதுக் கடை எதைக் காட்டும்? எல்லா ஏஜென்ட்டும் ரெண்டாவது ஆளா நிக்கத்தான் பாக்குது. மொத ஆளா நிக்க ஒண்ணும் வரல."

"அப்ப அதுக மூடிக்கிட்டுப் போக வேண்டியதுதானா?"

"கொஞ்ச நாள் பாப்போம். வருசத்தப் பருவம் பருவமாப் பிரிச்சு வச்சிருக்கோம், அந்தப் பருவம் முடியறதுக்குள்ள ஒண்ணுகூட விக்கலைன்னா பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவோம். இல்லேன்னா செத்த கடையா குமிஞ்சிரும். சொந்தக்காரங்கள விட்டு வாங்க வச்சாலும் செல்லாது. போன்ல நம்பர் இருக்க ஆளு, ஒரே வீட்டு ஆளு, இவங்க ரசீதெல்லாம் கணக்குல சேராது. இல்லேன்னா திருட்டுப் பயலுக பூந்துருவாய்ங்க."

சுகந்தி வீட்டுக்கு வந்து, போணி ஆகாத கடைகளைச் சிட்டுவை விட்டுப் படிக்கச் சொன்னாள். அதில் ஒன்று, மணப்பாறையில் அந்தோணிராஜ் என்பவர் போட்டிருந்தது. மோட்டார் ஓடுகிற சத்தத்தைப் பதிந்து அனுப்பினால் என்ன கோளாறு என்று சொல்வாராம். சுகந்தியின் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரு வாரமாகக் கரகரவென்று அரற்றிக்கொண்டிருந்தது. கை துறுதுறுத்தது. உடனே பயமும் வந்தது.

"சிட்டு, என் கையால வாங்கி அந்த மனுசன் கடையும் மூடிருச்சுன்னா?"

"அக்கா, அது இன்னும் தொறந்த மாதிரியே இல்ல. மூடறதுக்கு அங்க என்ன இருக்கு?"

அதுவும் சரிதான் என்று பட்டது. வாங்கச் சொன்னாள். சிட்டு மோட்டாரின் அரற்றலை அனுப்பியது. சற்று நேரத்தில் அந்தோணிராஜின் குரல் வந்தது: "பேரிங் போயிருச்சும்மா. இதோட ஓட்டுனீங்கன்னா காயில் கருகிரும். இப்பவே மாத்திருங்க." மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தால் பேரிங்தான். சுகந்தி ரசீதில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'சொன்னது சரியாக இருந்தது. தலைவலி என்று போனவளுக்கு ஊசி போடாமல், மாத்திரையோடு விட்டார்.'

அடுத்த வாரம் அந்தோணிராஜிடமிருந்து ஒரு செய்தி. 'யாரும்மா நீங்க? மூச்சு விட நேரமில்ல. ஒரிசாவுலேர்ந்தெல்லாம் மோட்டார் கத்துது.'

அன்று சுகந்தி பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தாள். ரசத்தில் உப்புப் போட மறந்ததுகூடச் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. மறுநாள் சிட்டுவின் பாடத்தை மாற்றினாள்: "இன்னிக்குப் போணி ஆகலைன்னா ஒதுங்கி நில்லு. என்னைக்குமே ஆகலைன்னா, நமக்கு உபயோகப்படற சாமானா இருந்தா, நாமளே வாங்கிருவோம்."

அப்படி ஆரம்பித்தது. பச்சைக் குழந்தையின் அழுகையைக் கேட்டு, பசியா வயிற்றுவலியா என்று சொல்கிற திண்டுக்கல் நர்ஸம்மா ஒருவர் கடை போட்டிருந்தார். சுகந்தி கீழ்வீட்டுக் குழந்தையின் அழுகையைப் பதிந்து அனுப்பினாள். பழைய பத்திரத்தின் கோழிக்கிறுக்கலை வாசித்துத் தருகிறவர், கோலத்தின் புள்ளிக்கணக்கைச் சரிபார்க்கிறவர், தொண்டியில் அலை எப்படி இருக்கிறது என்று காலையில் கடலைப் பார்த்துச் சொல்கிறவர் என்று எல்லாருக்கும் அவள் போணி செய்தாள். ஒன்றிரண்டு சரக்கு மட்டமாக இருந்தது. அதையும் அப்படியே எழுதினாள். மற்றதெல்லாம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

கொஞ்ச நாளில் வீதியில் ஒரு கூத்து நடந்தது. கடைகளே சிட்டுவின் வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்தன. 'புதிதாகத் திறக்கிறோம், தாங்கள் வந்து தொடங்கி வைக்க வேண்டும்.' புதுக் கடை போதாதென்று, நன்றாக ஓடுகிற பழைய கடைகளும் வந்தன. தினமும் முதல் வியாபாரம் சுகந்தியுடையதாக இருந்தால் அன்றைக்கு நன்றாகப் போகிறது என்று ஏதோ ஒரு மெஷின் கண்டுபிடித்து, மற்ற மெஷின்களும் அதைப் பிடித்துக்கொண்டன. ஒரு மொழிபெயர்ப்புக் கடை, இவள் வாங்குகிறவரைக்கும் மற்றவர்களைக் காக்க வைத்து, திட்டு வாங்கியது.

நஸ்ரின் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடியே, ஏஜென்ட் பூரா உன் பேரைப் பாத்தா கண்ண மூடிக்கிட்டு வாங்குது. கைராசின்னு ஒரு வார்த்தை அதுகளுக்குத் தெரியாது. இந்தப் பேர்ல ரசீது இருந்தா ஏமாத்தம் இல்லைன்னு மட்டும் தெரியும். எனக்கென்னமோ ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுது."

"நம்ம தெருவுல சொல்லிராத. சிரிப்பாய்ங்க."

சொல்லும்போதே அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தியை ராசிக்காரி என்று யாரோ சொல்கிறார்கள். சொல்வது மெஷின் என்றால் என்ன, சொன்னது சொன்னதுதான். மறுநாள் காலையில் அண்ணாச்சி கடை வாசலில் வழக்கம்போல ஓரமாக நின்றபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு தை வரைக்கும் நிலைக்காது போலிருந்தது. சென்னைக் கம்பெனி, பொங்கலோடு வேலை முடிகிறது, இனி எல்லாம் மெஷின் குரல்தான் என்று சொல்லிவிட்டது. நன்றிகூட மெஷின் குரலில்தான் வந்தது. சுகந்தி இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீதியில் தானே ஒரு கடை போட்டாள். பெயர், 'பார்த்துச் சொல்றேன்'. எந்தப் படத்தை அனுப்பினாலும், ஒரு மனுஷி பார்த்து, தன் வாயால் சொல்வாள்.

ஒருவரும் வாங்கவில்லை.

வந்த ஏஜென்ட்டெல்லாம் பழைய ரசீது கேட்டுவிட்டுப் போயின. ஊருக்கெல்லாம் போணி செய்கிறவள் தன் கடைக்குத் தானே போணி செய்துகொள்ள முடியாது. அந்தோணிராஜ் சேதி கேட்டு, "நான் வாங்கறேம்மா, எம் மோட்டார் கடைப் படம் அனுப்பறேன்" என்று வந்தார். நர்ஸம்மா வந்தார், தொண்டிக்காரர் வந்தார். வாங்கவும் செய்தார்கள். ஒன்றும் கணக்கில் ஏறவில்லை.

நஸ்ரின் நேரிலேயே வந்து, திருடியவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நீ யார்கிட்ட வாங்கியிருக்கியோ அவங்க உனக்கு மொத ஆளா இருக்க முடியாதுடி. நீ எனக்கு வாங்கு, நான் உனக்கு வாங்கறேன்னு ஆளாளுக்கு மாத்தி மாத்திச் சொறிஞ்சு விட்டா என்ன ஆகறது? அதுக்காக வச்ச விதி."

"சரியான விதிதான். யாரு எழுதுனா?"

"நான்தான்" என்றாள் நஸ்ரின்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, முதலில் ஒருத்தியும் பிறகு இன்னொருத்தியுமாகச் சிரித்தார்கள். வீதியில் பாதிப் பேருக்குச் சுகந்தி போணி செய்திருந்தாள். அந்தப் பாதிப் பேரும் அவளுக்குச் செய்ய முடியாதவர்களாகிவிட்டார்கள். பொங்கல் முடிந்தால் பருவம் முடியும், பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். கையிலிருக்கும் வேலையும் அதோடு போய்விடும். சிரித்து முடித்ததும் சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெரு சொன்னது சரிதானோ, தன் கை தனக்குத்தான் ஆகாதோ என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பிரணவ் கூப்பிட்டான். 'மகாமேகம்' என்ற பெரிய கம்பெனியில் ஏதோ பெரிய பதவி.

"மேடம், நாங்க மாசாமாசம் புதுசு புதுசா சர்வீஸ் விடறோம். ஒவ்வொண்ணுக்கும் உங்க முதல் ரசீது வேணும். அதுக்குப் பதிலா, உங்களோட சம்பந்தமே இல்லாத எங்க இன்னொரு கம்பெனி, நாளைக்கே உங்க கடையில வாங்கிடும். விதிப்படி சரியா இருக்கும்."

சுகந்திக்கு வாயில் வந்துவிட்ட 'சரி'யை விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது. குடித்துவிட்டுக் கேட்டாள்: "நல்லா இல்லாத சரக்குக்கு நல்லா இல்லைன்னு எழுதலாமா தம்பி?"

"அது... பாத்து எழுதலாம் மேடம்."

"நான் சும்மா போணி பண்றேன்னுதான் அதுக எல்லாம் என்னை நம்புது. காசு வாங்கிட்டுப் பண்ணேன்னா, நாளைக்கு மணப்பாறைல ஒருத்தரு கடை போட்டா அவருக்கு யாரு இருக்கா? வேணாம்ப்பா. சாப்பிட்டீங்களா?"

அவன் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டான். சுகந்தி, செய்தது சரி என்று தெரிந்தும், கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாள் காலையில் முகம் கழுவி, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, காப்பித்தூள் வாங்க அண்ணாச்சி கடைக்குப் போனாள். பொங்கலுக்காகக் கடைக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். போணி ஆகவில்லை. ஓரமாக நின்றாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்து வெல்லம் வாங்கினார். அதற்குப் பிறகு இவள் வாங்கிக்கொண்டு வீடு வந்தாள்.

அடுப்பில் பால் வைத்திருந்தபோது சிட்டு கத்தியது.

"அக்கா! ஒரு ஏஜென்ட் நம்ம வாசல்ல நிக்குது. போணி ஆச்சான்னு கேக்குது!"

சுகந்தி பாலை மறந்தாள். "என்ன சொன்ன?"

"ஆகலைன்னு சொன்னேன். 'ரொம்ப நல்லதாப் போச்சு, அப்ப பாதி விலைக்குக் கொடு'ங்குது."

"பாதி விலைக்கா?"

"அதோட எஜமானியம்மா சொல்லி அனுப்பிச்சாங்களாம். போணி ஆகாத கடையாப் பாத்துப் போ, மொத ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க, என்ன கேட்டாலும் படியும்னு. யாரோ யாவாரம் தெரிஞ்சவங்கக்கா."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "குடு குடு" என்று சுகந்தி கத்தினாள். "போணிக்கு வந்தவங்கள யாராச்சும் திருப்புவாங்களா!"

படம் வந்தது. கூடவே ஒரு கேள்வி: 'கடைக்கு என்ன கலர் அடிச்சிருக்கு? உள்ளதை உள்ளபடி சொல்லவும்.'

படத்தைப் பார்த்ததும் சுகந்திக்குக் கை நின்றுவிட்டது. பொன்ராஜ் அண்ணாச்சியின் கடை. எதிர்மாடியிலிருந்து கேமரா எடுத்த, இன்று காலைப் படம். எதிர்மாடிதான் அண்ணாச்சியின் வீடு. அவர் மனைவி ஜெயக்கொடிக்குச் சர்க்கரை நோயில் கண் போய், அவர் கீழே இறங்கி வந்தே ரொம்ப நாளாகிறது. அந்த வீட்டு நம்பர்கூடச் சுகந்தியிடம் கிடையாது, அண்ணாச்சி கடையில் வாங்கியதெல்லாம் ரொக்கம், வீதியில் ரசீது விழுந்ததில்லை. கேட்கிற தைரியம் வந்ததில்லை.

சிட்டு அந்த எஜமானியம்மாவை லைனில் கொடுக்க, சுகந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "வணக்கம்மா. கடைக்கு அடிச்சிருக்கறது நீலம். சோப்பு டப்பா நீலம்."

"நீலமா!" என்றது எதிர்முனை. "கிளிப்பச்சை அடிச்சிட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணாரே அந்த மனுசன்! மலிவாக் கெடைச்சிருக்கும், வாங்கி அடிச்சிருப்பாரு. சரி, மிச்சத்தையும் சொல்லு. நான் என் கடையப் பாத்து எவ்வளவு காலம் ஆச்சு. ஒண்ணு விடாம சொல்லணும்."

சுகந்தி சொன்னாள். வாசலில் கரும்புக் கட்டு சாய்ந்திருப்பதை, அரிசி மூட்டை மேல் பூனை முதலாளி மாதிரி உட்கார்ந்திருப்பதை, அண்ணாச்சி பனியனைத் திருப்பிப் போட்டிருப்பதை எல்லாம் சொன்னாள். ஜெயக்கொடி ஒவ்வொன்றுக்கும் "அப்படியா!" என்று சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். பிறகு சுகந்தியின் கண் படத்தின் ஓரத்துக்கு வந்தது. அங்கே வந்து நின்றுவிட்டது.

விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் விட்டது விட்டதுதானே.

"படிக்குக் கீழ, ஓரமா ஒருத்தி நிக்கிறா" என்றாள். "நாப்பதுக்கு மேல இருக்கும். கையில மஞ்சப் பை. கடையப் பாக்கல, ரோட்டப் பாக்குறா. வேடிக்கை பாக்கற மாதிரி இருக்கு, ஆனா ரோட்டுல ஒண்ணும் இல்ல."

"வாங்க வந்தவ ஏன் ஏறாம நிக்கிறா?"

"இன்னும் போணி ஆகல. அவ கை ராசியில்லைன்னு சொல்லுவாங்க. அதான், ஆகட்டும்னு நிக்கிறா. யாரும் நிக்கச் சொல்லல. அவளா நிக்கிறா."

ஜெயக்கொடி குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரரு என்ன பண்றாரு?"

"அவளப் பாக்கக் கூடாதுன்னு தராசையே பாத்துக்கிட்டிருக்காரு. தராசுல ஒண்ணும் இல்ல."

"சுகந்தி" என்றார் ஜெயக்கொடி. "நீ வணக்கம்னு ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிருச்சு. கோயில் திருவிழாவுக்கு மைக்ல பேரு வாசிப்பியே, அந்தக் குரலு. கண்ணு போனப்பறம் காதுதானே எனக்குப் பொழப்பு. எவ்வளவு வருசமாடி இப்படி நிக்கிற?"

"எண்ணிப் பாக்கலக்கா."

"கண்ணு இருந்த காலத்துல நானும் அந்தக் கல்லாவுலதான் உக்காந்திருந்தேன். எனக்கும் தெரியல பாரேன். நீயா சொன்னாத்தான் தெரியுது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நல்லா சொல்ற. முழு விலையும் வாங்கிக்கோ."

"வேணாங்கக்கா. போணி விலைன்னா போணி விலைதான்."

ஜெயக்கொடி ரசீதில் எழுதச் சொன்னது, எல்லாரும் பார்க்கிற இடத்தில் விழுந்தது: 'என் வீட்டுக்காரர் மறைத்ததைக்கூடச் சொல்லிவிட்டாள். நம்பி வாங்கலாம்.' அன்று மத்தியானத்துக்குள் சிட்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருவர் தன் கல்யாணப் படத்தை அனுப்பினார், ஒருவர் தன் நாயை. பட்டியலில் சுகந்தியின் பெயர் ஆணி அடித்த மாதிரி நின்றது. நஸ்ரின் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை, மஞ்சள் பையோடு சுகந்தி அண்ணாச்சி கடைக்குப் போனபோது அங்கே ஒரு கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் பை இருந்தது, எந்தப் பையிலும் சரக்கு இல்லை. நேற்று வெல்லம் வாங்கிய வாத்தியார், "ஏலக்கா பத்து ரூவாய்க்குக் கேட்டா, இருங்க சார், இருங்க சாருங்கறாரு" என்று யாரிடமோ புகார் செய்துகொண்டிருந்தார். எதிர்மாடிக் கம்பியைப் பிடித்தபடி ஜெயக்கொடி நின்றிருந்தார். நீலக் கடையின் ஒரு பக்கச் சுவரில், வேலை தொடங்கிவிட்டதற்கு அடையாளமாக, ஒரு கை அகலத்துக்குக் கிளிப்பச்சை.

சுகந்தி பழக்கதோஷத்தில் படிக்குக் கீழேயே நின்றாள். "போணி ஆச்சா அண்ணாச்சி?"

பொன்ராஜ் அண்ணாச்சி தராசிலிருந்து தலையைத் தூக்கினார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ராத்திரி வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சுகந்தியால் யூகிக்க முடிந்தது.

"எங்கிட்டு ஆகும்? உனக்காகத்தான் இம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்காங்க. ஏறி வா தாயி" என்றார்.

சுகந்தி ஏறினாள். மூன்றே படிதான். "காப்பித்தூள் நூறு" என்று சொல்லிவிட்டு, ஒரு கணம் யோசித்து, பையை மேசையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, போணி விலை உண்டுல்ல?"

எதிர்மாடியிலிருந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"பாதி விலைக்குக் கேளுடி, குடுப்பாரு!"